டீ ஆறுவதற்குள்

புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் என்னைப் பார்க்க வந்தால், வணக்கம் சொன்ன கையோடு ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், நமக்கு ஜீப் எப்போ கிடைக்கும்?"

கிடைக்கும் கண்ணுகளா, கிடைக்கும். எனக்கே கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்காமலா போய்விடும்? எனக்கு ஜீப் கொடுத்த அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். மறுநாளிலிருந்து பெரம்பலூர் எனக்குச் சின்ன ஊராகிவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்ட் அஞ்சு நிமிஷம். புது பஸ் ஸ்டாண்ட் அஞ்சு நிமிஷம். கலெக்டர் ஆபீஸ், பெரிய ஆஸ்பத்திரி, உழவர் சந்தை எல்லாமே அஞ்சு நிமிஷம். ஜீப்பில் உட்கார்ந்தவனுக்கு உலகமே அஞ்சு நிமிஷம்தான். அதே ஊரில் ஒருத்தி ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது என்பதெல்லாம் ஜீப் கண்ணாடி வழியாகத் தெரியாது. கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருப்பதாலும் இருக்கலாம்.

நான் அரசு பஸ் டெப்போவில் வேலை பார்த்தவன். அரியலூரில் ஆரம்பித்தேன், பெரம்பலூரில் முடித்தேன். எந்த பஸ் எந்த ரோட்டில் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்கிற வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். பஸ்ஸை ஓட வைப்பது உண்மையிலேயே சுலபம்தான். நிற்க வைப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

எனக்கு ஒரு பெரியவர் வாய்த்திருந்தார். எங்கள் மேலதிகாரி. பேர் வேண்டாம், பேர் சொன்னால் சந்தோஷப்படுவார். பஸ் துறையிலேயே ஆயுசைக் கழித்தவர், டவுன் பஸ்ஸில் ஏறி நான் பார்த்ததில்லை. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. "யார் எது கேட்டாலும் முடியாதுன்னு சொல்லாதய்யா. கூட்டாய்வுக்கு அனுப்பு. அது பாத்துக்கும்." போலீஸ், நெடுஞ்சாலை, நகராட்சி, வருவாய், நாம் என்று எல்லாத் துறையும் சேர்ந்து ஓரிடத்துக்குப் போய்ப் பார்ப்பதுதான் கூட்டாய்வு. அத்தனை பேரும் ஒரே நாளில் ஓய்வாக இருக்கவே மாட்டார்கள் என்பதுதான் அதன் அழகு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, இங்கே அஞ்சு பூசாரிகள்.

நான் சொல்ல வந்த சங்கதி, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு மறுவாழ்வு மையம் கட்டினார்கள். பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்களுக்கும், விபத்தில் அடிபட்டவர்களுக்கும் மறுபடி நடக்கப் பயிற்சி கொடுக்கிற இடம். நல்ல கட்டடம். வாசலில் சாய்தளம், அதற்குப் பளபளவென்று கைப்பிடி, உள்ளே நடை பழகக் கம்பி, நல்ல பொண்ணு ஒருத்தி பிசியோதெரபிஸ்ட். குறை சொல்லவே முடியாது. ஒரே ஒரு விஷயம் மட்டும் மறந்துவிட்டார்கள். அங்கே போய்ச் சேருவதற்கு நடக்க வேண்டும்.

டவுன் பஸ் அந்த வாசல் வழியாகத்தான் போகும். நிற்காது. அதற்கு முந்தின ஸ்டாப் கல்யாண மண்டபம். பிந்தின ஸ்டாப் பெட்ரோல் பங்க். இரண்டுக்கும் நடுவில் மையம். எதில் இறங்கினாலும், சிமெண்ட் லாரிகள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போகிற ரோட்டு ஓரத்தில், நல்ல காலுள்ளவனே முனகிக்கொண்டு நடக்கிற தூரம். இடம் தேர்ந்தெடுத்தபோது ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டு என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் சொல்லவா வேண்டும்? டவுனிலிருந்து அஞ்சு நிமிஷம்.

ஒருநாள் டெப்போவில் என் மேசைக்கு முன்னால் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி நின்றாள் என்று சொல்லக் கூடாது. மற்றவள் மேல் சாய்ந்திருந்தாள். சாய்ந்திருந்தவள் பேர் ஜெசிந்தா. வரதராஜன்பேட்டைப் பொண்ணு, பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டவள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜாக்கெட், யூனிபார்ம் தைக்கிற தையல்காரி. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. கத்தரி பிடிக்கிற கையும், மிஷின் மிதிக்கிற காலும் ஒரே பக்கம். தாங்கிப் பிடித்திருந்தவள் அவளுடைய நாத்தனார் லூர்து. அந்தத் தெருவிலேயே தள்ளுவண்டியில் டீயும் வடையும் போடுகிறவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

"சார், நடக்க முடியாதவளுக்கு நடக்கச் சொல்லிக்குடுக்கிற எடத்துக்கு நடந்து வாங்கன்னு எவன் சார் சொன்னது? அவன கொஞ்சம் காட்டுங்களேன், மொகத்தப் பாக்கணும்" என்றாள் லூர்து.

"உக்காருங்கம்மா" என்றேன்.

"உக்காந்தா எழுப்பறதுக்கு நீங்க வருவீங்களா? நின்னுக்கிட்டே சொல்றோம். பெட்ரோல் பங்க்ல எறங்கித் திரும்பி நடந்தா, பாதி வழியில மதகுமேல உக்காந்துடறாங்க அண்ணி. போய்ச் சேர்றப்ப ஒடம்புல ஒண்ணுமில்ல. பயிற்சிக்குப் போற வழியிலயே பயிற்சி முடிஞ்சிடுது. ஆட்டோல போன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தையல் மிஷினை வித்துட்டுத்தான் போவணும்."

ஜெசிந்தாவுக்கு வாய் லேசாகக் கோணியிருந்ததால் பேச வெட்கம் போல. மெதுவாகச் சொன்னாள். "டாக்டர் சொல்லிட்டாங்க சார். மொதல் சில மாசந்தான். அதுக்குள்ள பழக்குனா கை கால் திரும்பும். வுட்டா, எப்படி நின்னுச்சோ அப்படியே நின்னுடுமாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பஸ்ஸு அந்த வாசல் வழியாத்தான் சார் போவுது. நான் ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டே போறேன்" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. மறைக்க என்ன இருக்கிறது, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறோம். டிக்கெட்டும் கிடையாது, ஸ்டாப்பும் கிடையாது. உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம்.

பெரியவரிடம் போனேன். அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நானும் சும்மா விடவில்லை. ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கி, காலில் விழாத குறையாகக் கேட்டு, கூட்டாய்வுக்கு நாள் வாங்கிவிட்டேன்.

கூட்டாய்வு எப்படி நடக்கும் என்று உங்களுக்கு யாரும் பயிற்சியில் சொல்லித்தர மாட்டார்கள். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முன்னால் போகிற ஜீப்பின் டிரைவர் எங்கே நிழல் பார்த்து நிறுத்துகிறானோ, அதுதான் ஆய்வு நடக்கிற இடம். மையத்து வாசலில் ஒரு செடிகூடக் கிடையாது. அதைத் தாண்டி நல்ல தூரத்தில் ஒரு புளியமரம் இருந்தது. ஜீப்புகள் எல்லாம் வரிசையாகப் போய் அந்த மரத்தடியில் நின்றன. நாங்கள் இறங்கினோம். இளநீர் வந்தது.

"இதானே எடம்?" என்றார் பெரியவர்.

"இல்ல சார், மையம் அங்க இருக்கு" என்று கையைக் காட்டினேன்.

எல்லாரும் திரும்பி, கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நடுவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒருவரும் மரத்தடியை விட்டு ஓர் அடி வைக்கவில்லை. "கிட்டத்தானே" என்றார் நெடுஞ்சாலைக்காரர். "பொடி நடை" என்றார் வருவாய்க்காரர். புளியமரத்தடியையே இடமாகக் குறித்துக்கொண்டார்கள். அதோடு, இங்கே பயணிகளுக்குத் தேவை இருக்கிறதா என்று முதலில் கணக்கெடுப்போம் என்றும் முடிவாயிற்று.

மறுவாரம் ஓர் ஆளை அந்த மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பஸ்ஸிலிருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ண வேண்டும். பஸ் அங்கே நிற்காது. ஆகவே யாரும் இறங்கவில்லை. பொழுதுக்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் நேர்மையாக எழுதிக்கொடுத்தார்: இறங்கியவர்கள் யாரும் இல்லை.

பெரியவர் அதைப் படித்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பாத்தீங்களா? தேவையே இல்லாத எடத்துல எப்படிய்யா ஸ்டாப் குடுக்கறது?"

"சார், பஸ் நிக்காத எடத்துல எப்படி எறங்குவாங்க? குதிக்கணுமா?"

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க" என்றார்.

அந்த வாரமே இன்னொரு கூத்து. அந்த ரூட்டில் ஓட்டுகிற டிரைவர் கலியமூர்த்தி, ஜெசிந்தா ஜன்னலில் உட்கார்ந்து அந்த வாசலைப் பார்க்கிற பார்வையைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து மனசு தாங்காமல், ஒருநாள் மையத்து வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டான். அன்றைக்கென்று பஸ்ஸுக்குள் செக்கிங் இன்ஸ்பெக்டர். அங்கீகாரம் இல்லாத இடத்தில் நிறுத்தியதற்கு மெமோ. விளக்கம் கேட்டு வாங்க வேண்டிய ஆள் நான்.

கலியமூர்த்தி என் எதிரில் வந்து நின்றான். "சார், இனிமே அந்த எடத்துல கடவுளே வந்து கைகாட்டுனாலும் நிறுத்த மாட்டேன்."

எனக்கு அவன்மேல் கோபமில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தது. "ஏன்யா கலியமூர்த்தி, பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு கொட்டாய்ல தெனமும் நிறுத்தறியே, அது மட்டும் ஸ்டாப்பா?"

அவன் என்னை ஐயோ பாவம் என்பதுபோலப் பார்த்தான். "சார், அது டீ."

"டீன்னா?"

"டீக்கு நிறுத்துனா எவன் சார் கேப்பான்? கேக்க வர்றவனும் அங்கதானே குடிக்கிறான். எனக்கு மெமோ குடுத்தாரே, அந்த செக்கிங் சார், மெமோ எழுதிக் குடுத்துட்டு நேரா அங்க வந்து எங்கூடத்தான் டீ குடிச்சாரு. வடை அவரு வாங்கிக் குடுத்தாரு."

தம்பிகளே, தங்கைகளே, இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு பஸ்ஸை எது நிறுத்தும், எது நிறுத்தாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வயசானவன் கை காட்டினால் நிற்காது. பிள்ளைத்தாய்ச்சி ஓடி வந்தால் நிற்காது. சர்க்கார் உத்தரவு போட்டால் அது வேறு மாதிரி நிற்காது. டீக்கு நிற்கும். சும்மா கிடைக்கிற டீ என்றால், கதவு திறந்தபடியே வந்து நிற்கும். டிரைவர், கண்டக்டர் இருவருக்கும் கடைக்காரர் காசு வாங்காமல் டீ கொடுப்பதும், அந்த டீக்காக பஸ் நிற்பதும், நின்ற பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கி வடை தின்பதும் எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். எழுதாத சட்டத்தை மீறி இதுவரை ஒருவரும் பிழைத்ததில்லை.

அன்று சாயங்காலமே பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனேன். லூர்து வண்டியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"லூர்து, ஒரு யோசனை. உன் வண்டிய அந்த மையத்து வாசலுக்குத் தள்ளிட்டுப் போயேன்."

"எதுக்கு சார்? அங்க ஈ காக்கா கெடையாது. ஈக்கு டீ ஊத்தவா?"

"பஸ்ஸுக்கு ஊத்து" என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "மாதாவே! இவ்வளோ பெரிய ஆபீஸு வச்சிருக்கீங்க, இவ்வளோ பெரிய ஆபீசரா இருக்கீங்க, கடைசியில எங்கிட்ட வந்து டீ போடச் சொல்றீங்களே சார்!"

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் ஜெசிந்தாவின் மாசங்கள் போய்விடும்.

லூர்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மையத்து வாசலில் போட்டாள். இஞ்சியைத் தட்டிப் போட்டு, ஏலக்காயும் நசுக்கிப் போட்டாள். முதல் நாள் பஸ் வேகமாக வந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் கலியமூர்த்தியின் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டதாம். மெமோ கொடுத்த அதே செக்கிங் இன்ஸ்பெக்டர் பின்னொரு நாள் அந்த பஸ்ஸில் வந்தார். பஸ் நின்றது. என்ன ஏது என்று கேட்கவில்லை. முதல் ஆளாக இறங்கி, "எனக்குச் சக்கரை கம்மி" என்றார்.

இதில் லூர்து செய்த இன்னொரு வேலை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒருநாள் நானே அங்கே போய் டீ வாங்கினேன். கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. வாயில் வைத்தால் நாக்கு வெந்துவிடும். "ஏம்மா, இப்படிக் கொதிக்கக் கொதிக்கவா குடுக்கறது?"

"அப்புறம்? ஆத்திக் குடுத்தா மடக்குன்னு குடிச்சுட்டு வண்டிய எடுத்துடுவானுங்க. எங்கண்ணி படியில எறங்க வேணாமா? அண்ணிக்குப் பின்னாடி ரெண்டு பேரு கட்டையோட வர்றாங்க. இந்த டீ ஆறுறதுக்குள்ள எல்லாரும் எறங்கிடுவாங்க சார். நான் பாத்து வச்சிருக்கேன்" என்றாள். பிறகு பஸ் பக்கம் திரும்பி, "ஊதி ஊதிக் குடிங்கண்ணே, என்னா அவசரம்!" என்று கலியமூர்த்தியிடம் சத்தம் போட்டாள்.

அங்கீகரித்த ஸ்டாப்பில்கூட ஒரு காலை ஊன்றுவதற்குள் விசில் அடிப்பார்கள். இங்கே ஒரு டீ முழுக்க நேரம் கிடைத்தது. ஜெசிந்தா ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, யாரும் அவசரப்படுத்தாமல் இறங்கினாள். மையத்துக்கு வராமல் நின்றுபோயிருந்த மற்றவர்களும் சேதி கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் காலையில் லூர்திடமிருந்து போன். அலறினாள். "சார்! டீ குடிக்காத எவனையோ அனுப்பிட்டீங்க! அண்ணிய உள்ள வச்சுக்கிட்டே போயிட்டான் சார்! நான் கிளாஸத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடுனேன், அந்தப் பாவி திரும்பிக்கூடப் பாக்கல!"

கலியமூர்த்தி லீவ். பதிலுக்குப் போன டிரைவர் டீ, காபி, வெற்றிலை, பாக்கு எதையும் தொடாத உத்தமர். நல்ல பழக்கம் உள்ளவர்களால் ஊருக்கு எவ்வளவு கெடுதல் பாருங்கள். ஜெசிந்தா பெட்ரோல் பங்க்கில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைய பயிற்சி போயிற்று. எனக்கு மனசே ஆறவில்லை. அன்றைக்கே அந்த ரூட்டுக்கு டியூட்டி போடுகிறவரைக் கூப்பிட்டு, இனிமேல் டீ குடிக்கிறவர்களை மட்டும்தான் அனுப்ப வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கேட்கட்டுமே. லைசென்ஸ், அனுபவம், கண் பார்வை எல்லாம் பார்த்து ஆள் எடுக்கிறோம். டீயையும் பார்த்தால் குடியா முழுகிவிடும்?

பஸ் தாமதமாக வருகிறது என்று பெரியவரிடம் புகார் போயிற்று. என்னைக் கூப்பிட்டார். நோயாளிகளுக்காக நிறுத்துகிறோம் என்று சொன்னால் அங்கீகாரம் எங்கே என்பார்; எல்லாம் அதோடு நின்றுவிடும்.

"ஏன்யா அந்த வண்டி லேட்டாவுது?"

"டீ சார்" என்றேன்.

"ஓ, டீயா? சரி சரி" என்றார். அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்படிச் சில மாசம் ஓடியது. ஜெசிந்தாவுக்கு அந்தச் சில மாசம்தானே வேண்டும்! முதலில் விரல் மடங்கியது. பிறகு லூர்து இல்லாமல் படி இறங்கினாள். ஒருநாள் டெப்போவுக்கு வந்து, ஒரு துணியைக் கத்தரியால் வெட்டிக் காட்டினாள். கோணல்மாணலாகத்தான் வந்தது. "கோணலா இருந்தா என்ன சார், வெட்டுதே" என்று சொல்லி அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதிலெல்லாம் எனக்குக் கௌரவம் பார்க்கத் தெரியாது.

அதற்குள் ஒரு பத்திரிகைக்காரர் மையத்துக்கு வந்து, இத்தனை பேர் வருகிற இடத்தில் பஸ் ஸ்டாப் இல்லையா என்று எழுதிவிட்டார். மறுபடி கணக்கெடுப்பு. பஸ்ஸிலிருந்து திமுதிமுவென்று ஆள் இறங்குகிறது. பெரியவருக்கு ஆனந்தம். "பாத்தீங்களா, தேவை இருந்தா நாம குடுக்காம இருப்போமா?" என்றார். ஸ்டாப் சாங்ஷன். கூடவே நிழற்குடையும் சாங்ஷன்.

எங்கே? புளியமரத்தடியில்.

"சார், மையம் அங்க இல்ல. ஆளுங்க எறங்கறது வாசல்ல" என்றேன்.

"கூட்டாய்வு முடிஞ்ச எடம் அதுதான்யா. மாத்தணும்னா மறுபடியும் கூட்டாய்வு வைக்கணும். வைக்கலாமா?"

புளியமரத்தை வெட்டினார்கள். அது நின்ற இடத்தில் நிழலுக்காகத் தகரத்தில் நிழற்குடை போட்டார்கள். மேலே பேர் எழுத மட்டும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். பிறகு திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். விழாவுக்கு முதல் நாள் லூர்து வண்டியை ஆக்கிரமிப்பு என்று சொல்லி அப்புறப்படுத்தினார்கள். பஸ் நிற்கிற இடத்துக்கு இடைஞ்சலாம். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதை. லூர்து அன்று என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

விழாவுக்கு ஜெசிந்தாவை வரச் சொல்லியிருந்தார்கள். பயனாளி என்று மேடையில் காட்ட ஆள் வேண்டுமே. நானும் போயிருந்தேன். பந்தல், நாற்காலி, மாலை, மைக். வந்தவர்கள் எல்லாரும் காரில் வந்திருந்தார்கள். புது நிழற்குடைக்கு முன்னால், பஸ் நிற்பதற்காக வெள்ளைக்கோடு போட்ட இடம் முழுக்க கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கிளம்பும்போது திரும்ப வசதியாம்.

பயனாளியைக் காணவில்லை. "எங்கய்யா அந்தம்மா?" என்று பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பஸ் வந்தது. கலியமூர்த்திதான் ஓட்டி வந்தான். வேகத்தைக் குறைத்தான், ஹாரன் அடித்தான், நிறுத்த இடம் தேடினான். பின்னால் சிமெண்ட் லாரி அலறியது. வேறு வழியில்லாமல் போய்விட்டான். ஜன்னலோரத்தில் ஜெசிந்தாவும் லூர்தும் எங்களைப் பார்த்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

பேச்சு ஆரம்பித்தது. ஒருவர் பேசி, இன்னொருவர் பேசி, மூன்றாமவர் முன்னவர் சொன்னதையே பேசிக்கொண்டிருந்தபோது, பெட்ரோல் பங்க் பக்கமிருந்து வெயிலில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. லூர்து குடை பிடித்துக்கொண்டு வந்தாள். ஜெசிந்தா யாரையும் பிடிக்காமல், வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து, தானாக நடந்து வந்தாள். பாதி வழியில் உட்காரவில்லை. அவள் பந்தலுக்குள் வந்து நின்றபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

பெரியவர் மைக்கைப் பிடித்தார். "இதோ, நம்ம பயனாளி வந்துட்டாங்க! பக்கவாதத்துல படுத்திருந்தவங்க. அம்மா, இன்னிக்கு நீங்க எப்படி வந்தீங்க? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"நடந்து வந்தேன் சார்" என்றாள் ஜெசிந்தா.

என்ன கைதட்டல்! பந்தலே அதிர்ந்தது. ஃபோட்டோக்காரர்கள் முன்னால் பாய்ந்தார்கள். பெரியவர் கண் கலங்கி, "நடந்து வந்தேங்கறாங்க! இதவிட நமக்கு என்ன வேணும்?" என்றார். யாரோ ஒரு சால்வையை அவள் தோளில் போட்டார்கள்.

அவள் இன்னும் முடிக்கவில்லை. அவளுக்கு வார்த்தை மெதுவாகத்தான் வரும். அதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. கைதட்டலுக்கு அடியில் மீதியைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கும் லூர்துக்கும் மட்டும்தான் கேட்டது.

"பஸ்ஸு நிக்கல சார். உங்க காருங்கதான் நின்னுச்சு."

ஜெசிந்தா இப்போது தைக்கிறாள். மிஷினை அவளே மிதிக்கிறாள். ஆனால் பக்கவாதம் அவளோடு நின்றுவிடவில்லை; மையத்துக்குப் புதிது புதிதாக ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தகர நிழற்குடையில் ஆடுகள் படுத்திருக்கின்றன. அங்கே நின்றால் டிரைவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் பஸ் நிற்பதில்லை. விழா முடிந்து இரண்டு நாளில் லூர்து வண்டியைத் திரும்ப மையத்து வாசலுக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டாள். நடுவில் இரண்டு தடவை அப்புறப்படுத்தினார்கள். இரண்டு தடவையும் அப்புறப்படுத்த வந்தவர்களுக்கு அவள் டீ கொடுத்தாள்.

உங்களுக்கும் ஒருநாள் ஜீப் வரும். அரியலூர் ரோட்டில் போகும்போது அந்த வண்டியைப் பார்த்தால் இறங்கி ஒரு டீ குடியுங்கள். நாக்குச் சுடும். ஏம்மா இவ்வளவு சூடு என்று லூர்திடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஊதி ஊதி, மெதுவாகக் குடியுங்கள். பின்னால் பஸ் நிற்கும். யாராவது ஒருவர் படியில் இறங்கிக்கொண்டிருப்பார்.